பின் லீஃப் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றினேன்

பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கின் பின்பக்கம் ஒருபுறமாகத் தொங்கிவிட்டது. வண்டியின் எடையைத் தாங்கும் எஃகுப் பட்டை அடுக்கான லீஃப் ஸ்பிரிங்கை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குத் தனியாக ஜாக்கி கொடுத்தேன். முந்தின நாளே எண்ணெய் விட்டும் ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட் அசையவில்லை. துருவேறி, ஸ்பிரிங் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கிடந்தது. அப்புறம் என்ன, அறுத்துத்தான் எடுத்தேன். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டும் புதிதுதான் போட்டேன். ஒருமுறை இழுபட்ட பழையதை நம்ப மாட்டேன்.

ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேலுள்ள துளையில் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்தபின், யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக முறுக்கினேன். புஷ் போல்ட்டுகளை மட்டும் லேசாக விட்டு, சக்கரம் தரையில் இறங்கி எடை ஏறியதும் இறுக்கினேன். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி சோதித்தேன். எல்லா நட்டுமே இன்னும் சற்று இறுகின.