ஆயிரம் சதுர அடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம்: உள்வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

அலுவலகத்துக்கு இடம் பிடித்ததும் பலர் முதலில் எடுத்துப் பார்ப்பது லேமினேட் (மரப்பலகை மேல் ஒட்டும் வண்ணத் தகடு) மாதிரி அட்டைகளையும் சோபா படங்களையும்தான். அவை கடைசியில் வர வேண்டியவை. பிறகு இடித்தால்தான் மாற்ற முடியும் என்ற வேலைகளை முதலிலும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியவற்றைக் கடைசியிலும் முடிவு செய்தால், பாதிச் சிக்கல் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். சென்னையில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த வரிசையைப் பார்ப்போம்.

படி 1: டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் ஆயிரம் சதுர அடி என்று இருந்தாலும், படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா ஆகியவற்றின் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். சுவருக்குள் அளந்தால் பெரும்பாலும் 700 முதல் 800 வரைதான் தேறும். நம் கணக்குக்கு 750 என்று வைத்துக்கொள்வோம். நீள அகலத்தோடு நிறுத்திவிடாமல், தூண்கள் எங்கே நிற்கின்றன, பீம் எவ்வளவு கீழே இறங்குகிறது, ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, கழிவுநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டீ போடும் சிறு இடமான பேன்ட்ரியை அந்தக் குழாயை விட்டு வெகுதூரம் தள்ளி வைத்தால், தரையை உயர்த்திச் சரிவு கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 2: யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி வேலை நெருக்கும். ஜூலையில் வருமானவரிக் கணக்குக்காகக் கட்சிக்காரர்கள் பைல் பையோடு வந்து உட்காருவார்கள். எனவே நெருக்கடி நாளை மனத்தில் வைத்து இடத்தைப் பிரிக்க வேண்டும். ஆடிட்டரின் அறைக்கு 120, கலந்து பேசும் அறைக்கு 80, வரவேற்புக்கு 80, ரெக்கார்டு அறைக்கு 60, பேன்ட்ரிக்கும் கழிவறைக்கும் சேர்த்து 80 சதுர அடி ஒதுக்கினால், மீதம் 330 சதுர அடி. வரவேற்பில் ஒருவர், அறையில் ஆடிட்டர், ரெக்கார்டு அறையை ஒட்டி உதவியாளர் ஒருவர் போக, ஒன்பது இருக்கைகள் அந்த மீதத்தில் நடைபாதையோடு சேர்ந்து அடங்கும்.

படி 3: சாக்பீஸால் தரையில் வரையுங்கள்

வரைபடத்தில் தாராளமாகத் தெரியும் இடம் தரையில் சுருங்கிவிடும். ஆகவே நாலடிக்கு இரண்டடி மேசைகளை உண்மை அளவில் தரையில் வரைந்து, நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, பின்னால் தள்ளி எழுந்து பாருங்கள். எழுவதற்கு மட்டும் மூன்றடி வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் நடக்கவும் வேண்டுமானால் ஐந்தடி விடுவது நல்லது. பைல் அலமாரியின் கதவை முழுதாகத் திறந்தால் யார் முதுகில் இடிக்கிறது என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

படி 4: தடுப்புச் சுவர்

என் முதல் வேலையில் நான் தவறியது இங்கேதான். கலந்து பேசும் அறையின் ஜிப்சம் தடுப்பை ஃபால்ஸ் சீலிங் வரை எழுப்பி நிறுத்திவிட்டேன். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. திறந்த முதல் வாரமே, உள்ளே ஒரு கட்சிக்காரர் தம் கடன் விவரத்தைச் சொல்ல, அது வரவேற்பில் காத்திருந்த இன்னொருவருக்குத் தெளிவாகக் கேட்டது. ஒலி சீலிங்குக்கு மேலே உள்ள காலியிடத்தின் வழியாக ஏறி இறங்கியிருக்கிறது. ரகசியம் பேசும் அறையின் தடுப்பு மேலே உள்ள கான்கிரீட் கூரை வரை எழும்ப வேண்டும். தடுப்பின் உள்ளே ஒலியை உறிஞ்சும் ராக்வுல் பஞ்சை நிரப்ப வேண்டும். கதவின் அடியில் இடைவெளி விடக்கூடாது. கண்ணாடித் தடுப்பு வைப்பதானால், டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், பூட்டுக்கும் கைப்பிடிக்குமான துளைகளை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 5: மின்சாரம், ஏசி, வெளிச்சம்

ஒவ்வொரு இருக்கைக்கும் யுபிஎஸ் இணைப்பு இரண்டு, சாதாரண இணைப்பு ஒன்று, நெட்வொர்க் இணைப்பு ஒன்று என்று கணக்கிட்டு, மின்கம்பியையும் நெட்வொர்க் கம்பியையும் தனித்தனிக் குழாய்களில் கொண்டுபோகச் சொல்லுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரம் மற்ற கணினிகளையும் சேர்த்து அணைத்துவிடக்கூடும்.

மேல்தளத்தில், மேற்கு வெயில் விழும் இடத்தில், ஏறத்தாழ 100 முதல் 120 சதுர அடிக்கு ஒரு டன் ஏசி என்று தோராயமாகத் தொடங்கலாம். ஏசியைவிட அதன் தண்ணீர்க் குழாயின் சரிவே அதிகம் தொல்லை தரும். சீலிங்கை மூடுவதற்கு முன் அந்தக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுமுனையில் முழுவதும் வெளியேறுகிறதா என்று நின்று பாருங்கள். கூடவே, கம்பிகளும் குழாய்களும் தெரியும்படி சீலிங்கின் உட்புறத்தைப் படமெடுத்து வையுங்கள். பிறகு பழுது பார்க்க வருபவர் கண்ட இடத்தில் ஓட்டை போட மாட்டார்.

மேசை மீது 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். ஜன்னல், கணினித் திரைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வானம்தான் தெரியும்.

படி 6: மரவேலையும் கொட்டேஷனும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்லும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். எந்தப் பிளைவுட், எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கிரேடு என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். பேன்ட்ரி சிங்க்கின் அடியில் ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேளுங்கள். ஈரம் படாத மேசைகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பைல் அலமாரித் தட்டு மூன்றடிக்கு மேல் நீண்டால், தாளின் எடையில் ஓராண்டுக்குள் நடுவில் தொய்ந்துவிடும். நடுவே ஒரு தாங்கு பலகை கொடுக்கச் சொல்லுங்கள்.

வண்ணம், திரை, சோபா ஆகியவற்றை இனி தேர்ந்தெடுக்கலாம். லேமினேட் அட்டையைக் கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாமல், உங்கள் அலுவலகத்தில் விளக்குகள் மாட்டிய பிறகு அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் அந்த லேமினேட்டின் நம்பரைக் கொடுங்கள்.