மூடிக் கிடக்கும் மரச்சாமான் தொழிற்சாலையைத் திறப்பது எப்படி?

பூட்டைத் திறந்ததும் ஸ்விட்சைப் போடாதீர்கள். முதலில் அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடிப் போங்கள். எந்த மெஷின் தகராறு செய்யும், எந்த நாற்காலி கடைசிவரை விற்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. மூலையில் கிடக்கும் பிளைவுட் துண்டுகளைக் குப்பை என்று வீசிவிட வேண்டாம். நாற்காலிக் காலுக்கும் முதுகுக்கும் வளைவு வரைந்த டெம்ப்ளேட்டுகளாக இருக்கும், பெரிய சொத்து அது.

அப்புறம் மின்சாரம். நாள்பட நின்ற மோட்டார் ஈரம் குடித்திருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து, மெக்கர் என்ற சோதனைக் கருவியில் இன்சுலேஷன், அதாவது கம்பிச் சுருளில் மின்சாரம் கசியாமல் காக்கும் உறை, சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டவே கூடாது. காயவைத்து மறுபடி பார்க்க வேண்டும். பேண்ட் சா, அதாவது சக்கரங்களில் சுற்றும் பட்டை ரம்பம், அதன் சக்கரத்து ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். இறுகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். தூசி உறிஞ்சும் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். காய்ந்த மரத்தூள் சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும், காற்றில் பறந்தால் வெடிக்கவும் செய்யும்.

மிச்சமிருக்கும் மரத்தில் ஈரம் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் போடும் சாமானுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம் சரியாக இருக்கும்.

பழைய பட்டியல் முழுவதையும் செய்யப் பார்க்காதீர்கள். ஒரே பொருள், கையில் உறுதியான ஆர்டர், அதற்குத் தேவையான ஆட்கள் போதும். அனுபவமுள்ள ஒவ்வொரு தச்சர் பக்கத்திலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை நிறுத்துங்கள். பழகும் காலத்துக்கும் சம்பளம் கொடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சம்பளமில்லாமல் பழகச் சொன்னால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வரவே முடியாது.