வீடியோ ஓடும்போது ஒலி வெட்டியதைச் சரிசெய்த விதம்

செல்லோ (வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி), லைவ் எலெக்ட்ரானிக்ஸ் (வாசிக்கும்போதே அந்த ஒலியைக் கணினி மாற்றித் தருவது), வீடியோ மூன்றும் சேர்ந்த படைப்பு அது. ஒத்திகையில் திரையில் காட்சி கனமாகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டப் டப்' என்று ஒலி வெட்டியது. ஒலியும் படமும் ஒரே லேப்டாப்பில், மேக்ஸ் மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தன.

பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவை, 64 சாம்பிளிலிருந்து (சாம்பிள் என்பது ஒலியின் ஒற்றை அளவீடு) 512-க்கு ஏற்றினால் வெட்டு நின்றுவிடும். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும்போது, 512 சாம்பிள் என்றால் சுமார் 10.7 மில்லிசெகண்ட், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 21-ஐத் தாண்டிவிடும். வில் கம்பியைத் தொட்டதற்கும் பதில் ஒலி வருவதற்கும் நடுவே உள்ள அந்தத் தாமதம் வாசிப்பவரின் கையைக் கட்டிப்போடும். அதை அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

வீடியோவை இன்னொரு கணினிக்கு மாற்றினேன். இரண்டையும் லேன் கேபிளால் இணைத்து, ஓஎஸ்சி (கணினிகளுக்கு இடையே இப்படிப்பட்ட தகவலை அனுப்பும் முறை) வழியாக ஒலியின் அளவு, சுருதி என்ற எண்களை மட்டும் அனுப்பினேன். வைஃபை வேண்டவே வேண்டாம். அரங்கு நிறைந்து எல்லார் கையிலும் போன் இருக்கும்போது காலை வாரிவிடும். நொடிக்கு 60 முறை எண்கள் போனால் போதும், எங்கள் புரொஜெக்டர் காட்டுவதே அவ்வளவுதான்.

இப்போது பஃபர் 128, வெட்டு இல்லை. வில்லை அழுத்தினால் திரையில் கோடு உடனே தடிக்கிறது. இரண்டாவது கணினி கிடைக்காவிட்டால் முதலில் வீடியோவின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பஃபரில் கடைசியாகக் கை வையுங்கள்.