ஜிஎஸ்டி விகிதம் மாறினால் கடைக் கணக்கை எப்படி மாற்றுவது?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் கிட்டத்தட்டப் போய்விட்டன. பெரும்பாலான பொருட்களுக்கு இப்போது 5 அல்லது 18. குளிர்பானம் போன்ற சிலவற்றுக்கு 40. பில் போடும் மென்பொருளில் விகிதத்தை மாற்றிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கில் சிக்கல் வருவதெல்லாம் பழைய சரக்கில்தான். மளிகையும் ஸ்டேஷனரியும் விற்கும் ஒரு சின்னக் கடையை வைத்துச் சொல்கிறேன். (காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிப்பதும் இல்லை, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு எடுப்பதும் இல்லை, அவர்களுக்கு இது தேவைப்படாது.)

படி 1: பொருள் பட்டியல்

பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணை மட்டும் பார்த்து மொத்தமாக மாற்றாதீர்கள். ஷாம்பு, பற்பசை 18லிருந்து 5க்கு வந்தது சுலபம். ஆனால் 4820 என்ற ஒரே எண்ணுக்குள் பள்ளி நோட்டும் இருக்கிறது, கணக்குப் பதிவேடும் இருக்கிறது. நோட்டுக்கு வரியே இல்லை; பதிவேட்டுக்கு 18. ஒவ்வொரு பொருளாகத்தான் போக வேண்டும்.

படி 2: விலை

18லிருந்து 5 ஆனால் 13 சதவீதம் குறைத்தால் சரி என்று தோன்றும். தவறு. வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற ஷாம்புவை எடுங்கள். 118ஐ 1.18ஆல் வகுத்தால் 100, அதை 1.05ஆல் பெருக்கினால் 105. இதுதான் புது விலை. நேரடியாக 13 சதவீதம் கழித்தால் 102.66 வரும், பாட்டிலுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கைக்காசு போகும்.

படி 3: எந்தத் தேதிக்கு எந்த விகிதம்?

சரக்கு கொடுத்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் என மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் இரண்டு, விகிதம் மாறிய செப்டம்பர் 22க்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த விகிதம். ஒரு லாட்ஜுக்கு 20ஆம் தேதியே சோப்பையும் பில்லையும் கொடுத்து, பணம் 25ஆம் தேதி வந்தால் 18. முன்பணம் மட்டும் 20ஆம் தேதி வாங்கி, சரக்கும் பில்லும் 23ஆம் தேதி போனால் 5.

படி 4: பழைய இருப்பின் வரி வரவு

இங்கேதான் நிதானம் வேண்டும். வரி நீங்கலாக 80 ரூபாய்க்கு வாங்கிய அதே ஷாம்புவுக்கு 14.40 வரி கட்டியிருப்பீர்கள். இப்போது விற்றால் வரி 5 ரூபாய். மீதி 9.40 போய்விடாது, வரவுக் கணக்கிலேயே இருக்கும், 18 சதவீதப் பொருட்களின் வரிக்கு ஈடுகட்டலாம். ஆனால் விகிதம் குறைந்ததைக் காட்டி ரொக்கமாகத் திருப்பிக் கேட்க முடியாது.

பள்ளி நோட்டின் கதை வேறு. அது முழு விலக்குக்குப் போய்விட்டதால், செப்டம்பர் 21 அன்று இருப்பில் இருந்த நோட்டுக்கு எடுத்த வரவைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கான படிவம் ஐடிசி-03. அன்றைய இருப்பை எண்ணி எழுதி வைக்காத கடைகளுக்கு இது பெரிய தலைவலி. ஆடிட்டரிடம் போகும்போது கொள்முதல் பில்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.

படி 5: திரும்பி வரும் சரக்கு

பழைய விகிதத்தில் விற்றது திரும்பி வந்தால், அந்தத் தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்டும் பழைய விகிதத்தில்தான். 18 போட்டு விற்றதை 5 போட்டுத் திருப்பினால் மீதி வரி உங்கள் தலையில் விழும். அதனால் மென்பொருளில் பழைய விகிதத்தை அழித்துவிடாதீர்கள். விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அந்தக் கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டலாம்.