கற்பனைத் தங்க ஊர்: எழுப்புவதும் பாழாக்குவதும்

மிகைபுனைவுக் கதைக்கோ மேசை விளையாட்டுக்கோ பாழடைந்த தங்க ஊர் ஒன்று தேவைப்பட்டால், சுரங்கத்துக்குள் பூதம் எழுந்தது, ஊர் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஊர் எதைத் தின்றது, எதை விற்றது என்று தெரியாதவரை அதன் அழிவு யாருக்கும் வலிக்காது. ஆகவே எப்படி அழிந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆற்று மணல் தீர்ந்ததா, சுரங்கத்தில் நீர் ஏறியதா, கல்லின் தன்மை மாறியதா, உணவு வந்து சேராமல் போனதா? ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வந்தால் ஊரின் பிறப்பு தானாகத் தெளியும்.

ஆற்றில் தொடங்குங்கள்

அதே அளவு நீரோடு ஒப்பிட்டால் தங்கத்தின் எடை 19.3 மடங்கு, சாதாரண மணலுடையது 2.65 மடங்கு அளவில். ஆறு வேகம் குறையும் இடமெல்லாம் தங்கம் அடியில் தங்கிவிடும்: வளைவின் உட்புறம், பாறைக்குப் பின்னால், அடிப்பாறையின் வெடிப்புக்குள். உங்கள் வரைபடத்தில் முதல் குடிசைகள் அங்கேதான் வரவேண்டும்.

அரிக்கும் வேலையை ஒரு முறையாவது நெருக்கமாகக் காட்டுங்கள். தட்டில் முக்கால் பங்கு மண்ணை அள்ளி, நீருக்குள் அமுக்கி, களிமண் கட்டிகளைக் கையால் பிசைந்து கரைக்க வேண்டும். பெரிய கற்களைக் கழுவி எறிந்துவிட்டு, தட்டைப் பக்கவாட்டில் குலுக்கிக் கொஞ்சம் சாய்த்தால் மேல்மணல் நீரோடு வழியும். கடைசியில் பிறைபோல ஒதுங்கும் கருமணலின் ஓரத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். பத்து மணிநேரம் குனிந்தே நின்றாலும் ஐம்பது தட்டுக் கழுவுவது பெரிய காரியம். எனவே சில மாதங்களில், ஓடும் நீரில் தங்கத்தைத் தடுத்து நிறுத்தக் குறுக்குச் சட்டம் அடித்த மரவாய்க்கால் வந்துவிடும். அதற்கு ஆறேழு பேரும் ஓயாத நீரோட்டமும் வேண்டும். ஊரின் முதல் சண்டை தங்கத்துக்காக வராது, தண்ணீருக்காக வரும். முதல் சட்டமும் அதிலிருந்தே பிறக்கும்.

அடுத்து வருவது வரி. ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு தோண்டுபவரும் உரிமக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அது மாதம் 30 ஷில்லிங். 1854 டிசம்பரில், கலகம் செய்த தோண்டுபவர்கள் எழுப்பிய யுரேகா அரணில் ரத்தம் சிந்தியதற்கு அந்தக் கட்டணம் ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஊர் அரசரும் கிடைத்த தங்கத்தின்மேல் வரி போடாமல் தலைக்கு இவ்வளவு என்று போட்டால், கலகத்துக்கு வேறு வில்லன் தேவைப்படாது.

சோற்றுக் கணக்கு

பெரும்பாலான கற்பனை ஊர்கள் இங்கேதான் தவறுகின்றன. 2,000 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்றால் தினம் 2 டன் உணவு. ஒரு கோவேறு கழுதை 100 கிலோ சுமக்கும் என்று வைத்தால் தினமும் 20 கழுதைகள் ஊருக்குள் வரவேண்டும். பாதை பத்து நாள் தூரம் என்றால், போக வர 20 நாள். எப்போதும் 400 கழுதைகள் வழியில் இருக்கும். வழியில் புல் இல்லாவிட்டால் கதையே வேறு. ஒரு கழுதைக்கு நாளுக்கு 4 கிலோ தானியம், 20 நாளுக்கு 80 கிலோ. சுமந்த நூறில் எண்பதை அதுவே தின்றுவிடும், ஊருக்கு மிஞ்சுவது 20 கிலோ. புல் காயும் பருவத்தில் மாவு விலை ஐந்து மடங்காவதற்கு வணிகர் பேராசைக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஊரில் நிலையாகப் பணம் சேர்ப்பவர் தோண்டுபவர் அல்லர். கழுதை வைத்திருப்பவரும் மண்வெட்டி விற்பவரும்தான்.

மக்கள்தொகை ஏறும் வேகத்துக்குப் பயப்படாதீர்கள். 1848இல் ஆயிரம் பேர் அளவில் இருந்த சான் பிரான்சிஸ்கோ, கலிபோர்னியாவில் தங்கம் என்ற செய்தியால் 1849 முடிவதற்குள் ஏறத்தாழ 25,000 ஆனது.

ஆழத்துக்குப் போனபின்

மணல் தீர்ந்ததும் தங்கம் வந்த மலையைத் தேடுவார்கள். வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில் ரேகையாக ஓடும் தங்கத்தைக் குடைந்து, இடித்து, பாதரசத்தில் சேர்த்து, பாதரசத்தை ஆவியாக்கிப் பிரிப்பார்கள். பாதரசம் ஆவியாகும் சட்டியருகே வருடக்கணக்கில் நிற்பவருக்குக் கை நடுங்கும், ஈறு வீங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். ஊர்க்காரர்கள் அதைச் சாபம் என்று நம்பட்டும். நல்ல மிகைபுனைவு அங்கே பிறக்கும்.

முதல் தடை நீர். மேலிருந்து உறிஞ்சும் பம்பு கோட்பாட்டளவில் சுமார் 10 மீட்டர்தான் நீரை ஏற்றும், நடைமுறையில் 7, 8 மீட்டர். அதற்குக் கீழே வாளி, ஏற்றம், அடுக்கடுக்காகப் பம்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

அழிவுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இரண்டாவது தடையை. நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே காற்றும் மழையும் கல்லை மக்கவைத்திருக்கும், தங்கம் எளிதில் பிரியும். அதற்குக் கீழே தங்கம் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்துக்குள் சிக்கிக் கிடக்கும், பாதரசம் அதைச் சரியாகப் பிடிக்காது. கணக்கைப் பாருங்கள். டன்னுக்கு 10 கிராம் உள்ள கல்லில் முன்பு 8 கிராம் கைக்கு வந்தது, செலவு 5 கிராம் மதிப்பு, லாபம் 3. இப்போதும் கல்லில் அதே 10 கிராம்தான், கைக்கு வருவதோ 4. டன்னுக்கு ஒரு கிராம் நட்டம். கல்லில் எவ்வளவு தங்கம் என்று சொல்லும் சோதனைச் சீட்டில் 10 என்றே இருக்கும். அதைக் காட்டிப் பங்கு விற்றுவிட்டு முதலாளி இரவோடிரவாகக் கிளம்பிவிடலாம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் இதே சிக்கல் வந்தபோது, தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரிக்கும், 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறைதான் காப்பாற்றியது. உங்கள் உலகில் அந்த முறை கிடையாது என்றால் ஊர் செத்தது.

தங்கம் முழுக்கத் தீரவேண்டும் என்பதும் இல்லை. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபோது, எடுக்கும் செலவு கிடைப்பதை விஞ்சியிருந்தது. மந்திரத்துக்கும் இதே விதியை வையுங்கள். நீரை வெளியேற்றும் மந்திரம் இருந்தால் அதற்கு டன்னுக்கு இத்தனை கிராம் என்று கூலி இருக்கட்டும்.

ஊர் காலியாகும் வரிசை

முதலில் போவது இளைஞர்கள், அதுவும் வேறெங்கோ தங்கம் என்ற வதந்தி போதும். 1899இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்ற செய்தி கேட்டு, கனடாவின் தங்க ஊரான டாசனிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். பிறகு தங்கம் எடைபோடுபவர், கடைக்காரர். வீடு வாங்கியவரும் பழைய கழிவு மணலைத் திரும்ப அரிக்கும் முதியவர்களும் கடைசியில்.

விட்டுச்செல்வது எது? தூக்கிப்போகும் கூலியைவிட மலிவானதெல்லாம்: கட்டில், அடுப்பு, ஆட்டுக்கல். ஆணி, கதவு, கண்ணாடி ஆகியவற்றைப் பக்கத்து ஊரார் பெயர்த்துக்கொள்வார்கள். அதனால் உங்கள் பாழூரில் நிலைவாசலுக்குக் கதவு இருக்கக் கூடாது. தூணுக்கும் விறகுக்கும் வெட்டியதால் சுற்றிலும் பழைய மரமே இருக்காது, எல்லாம் ஒரே வயதுக் கன்றுகள். சுரங்கத்துக்குள் மட்கிய தாங்குமரங்களுக்கு மேலே நிலம் வட்டக் குழிகளாக உள்வாங்கியிருக்கும். வெளியே கொட்டிய பைரைட் கல் மழையில் அமிலமாகி, ஓடை துருநிறத்தில் ஓடும். நூறாண்டு ஆனாலும் அதில் மீன் இருக்காது.

கதாபாத்திரங்கள் பழைய சுரங்கத்தில் இறங்கினால், நாற்றமோ சத்தமோ முன்னறிவிப்பாக வரவேண்டாம். அதே பைரைட் உள்ளே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றிருக்கும். ஏணியின் கீழ்ப்படியில் கால் வைக்கும்போது விளக்கின் சுடர் குறுகட்டும். முதலில் இறங்கியவர் பதில் சொல்லாமல் இருக்கட்டும்.