கேம்பர் வேன் ஹீட்டரில் காற்று குறைவாக வருகிறதா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கோவை, திருப்பூர் பக்கம் கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தங்கித் தூங்கும் வண்டி, வைத்திருப்பவர்களுக்கு ஹீட்டர் தேவைப்படுவதே மார்கழி, தை மாதத்தில் ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ ஏறும்போதுதான். மற்ற நாளெல்லாம் சீட்டுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும். அதனால் காற்று குறைந்தவுடன் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் காற்று போய்வரும் வழியைப் பாருங்கள். நான் சொல்வது 12 வோல்ட்டில் ஓடும் டீசல் ஹீட்டருக்கு.

கோளாறே இல்லாமலும் காற்று மெதுவாக வரும். ஆன் செய்ததும் டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் சூடாகி நெருப்புப் பிடிக்கும் வரை ப்ளோயர், அதாவது காற்றை ஊதும் மோட்டார் விசிறி, மெல்லத்தான் சுற்றும்; நீங்கள் வைத்த சூடு வந்துவிட்டாலும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கண்ட்ரோலரை முழு அளவில் வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பாருங்கள்.

அப்போதும் குறைவுதான் என்றால் அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் உள்சூடு தணியும் வரை ப்ளோயர் ஓடும், அது தானாக நிற்கும் முன் பேட்டரியைக் கழற்றவே கூடாது. நின்றதும் ஃபியூஸை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

எல்லோரும் சூடு வரும் பக்கத்தையே பார்க்கிறார்கள், காற்றை இழுக்கும் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை! அங்கேதான் போர்வையும் பையும் அடைத்துக்கொண்டு இருக்கும். திருப்பூர் வண்டி என்றால் அங்கிருக்கும் வலைமூடியில் பஞ்சுத்தூசி, பொள்ளாச்சி வண்டி என்றால் நார்த்தூள். பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

அடுத்து, சூடான காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாயை ஹீட்டர் வாயிலிருந்து கழற்றி, ஃபியூஸைப் போட்டு கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். கையைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், சுடும். வாயில் காற்று வேகமாக வந்தால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, குற்றம் குழாயில்தான்: எங்கோ நசுங்கியிருக்கும், மடங்கியிருக்கும், எலி கூடு கட்டியிருக்கும், இல்லை இணைப்பு விட்டுப்போய் சூடெல்லாம் சீட்டுக்கு அடியிலேயே போய்க்கொண்டிருக்கும். 5 கிலோவாட் ஹீட்டருக்கு வழக்கமாக 75 மில்லிமீட்டர் குழாய் வரும். கையில் இருந்தது என்று 60 மில்லிமீட்டர் குழாயை மாட்டிவிட்டால் காற்று திணறத்தான் செய்யும்.

வாயிலேயே காற்று இல்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் ஒருமுறை, ஹீட்டர் பிளக்கில் ஒருமுறை வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒயர் மெலிசு, அல்லது எர்த் ஒயர் முனையில் இருக்கும் லக் துருப்பிடித்திருக்கிறது. பேட்டரியே 11 வோல்ட்டுக்கு இறங்கினால் முதலில் அதை சார்ஜ் போடுங்கள். மலைக்குளிரில் பேட்டரியின் பலம் இன்னும் குறையும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ப்ளோயர் மேல் சந்தேகம். அதற்கு ஹீட்டரையே பிரிக்க வேண்டும், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். எரியும் அறையையும் புகைக்குழாயையும் நீங்களாகத் தொடாதீர்கள். அதில் கசிவு வந்தால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் சேரும். தூங்கும் இடத்தில் அதற்கான அலாரம் கட்டாயம் மாட்டுங்கள். அது கத்தினாலோ, ஹீட்டர் ஓடும்போது தலை வலித்தாலோ, எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.