கடையில் ஆள் நிலைக்க: யாழ்ப்பாணத்துச் சிறு வணிகருக்கு ஒரு வழிகாட்டி

"ஆள் நிக்குதில்லை, எல்லாருக்கும் வெளிநாடுதான் கண்" என்று முதலாளிமார் குறைப்படுவது வழக்கம். கனடாவுக்கோ கட்டாருக்கோ வெளிக்கிட்டவரை மறிக்க ஏலாதுதான். ஆனால் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையை விட்டு அடுத்த ஒழுங்கைக் கடைக்குப் போகிறவரை மறிக்கலாம். அப்படிப் போகிறவர் பெரும்பாலும் சம்பளம் எந்தத் திகதியில் வரும், லீவு கிடைக்குமா, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் சலித்தவர். கீழே உள்ளவை 5 முதல் 15 பேர் வரை வேலைசெய்யும் ஹாட்வெயார், புடவை, பலசரக்குக் கடைகளுக்கானவை. பேக்கரி, அச்சகம் போன்ற தொழில்களுக்குச் சம்பளச் சபை (அந்தந்தத் தொழிலுக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் சபை) விதிகள் தனியாக உண்டு. அவற்றைத் தொழில் திணைக்களத்தில் கேட்டறியுங்கள்.

சம்பளம்

முதல் நாளே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், கழிவுகள், வேலை நேரம், லீவு, சம்பளத் திகதி, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவை இருந்தால் போதும். இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையொப்பம் வையுங்கள்.

"மாதம் 40,000 தாறன்" என்று வாயால் சொல்லிவிட்டு மாத முடிவில் 36,800 கொடுப்பதில்தான் முதல் மனக்கசப்பு தொடங்குகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு 8 வீதம், அதாவது 3,200 ரூபா. உங்கள் பங்கு 12 வீதம், 4,800 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,200 ரூபா. இதை அவரிடம் வெட்டக் கூடாது. ஆக அந்த ஆளுக்கு உங்களுக்கு ஆகும் செலவு 46,000, அவர் கையில் எடுப்பது 36,800. பேசும்போதே இரண்டு எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

"சேமலாப நிதி வேண்டாம், கையில தாங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் விலகிப்போய் ஒரு முறைப்பாடு கொடுத்தால், அவர் சம்மதித்தார் என்பது செல்லாது. நிலுவை முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும். தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் சேரும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. பழைய கணக்கில் ஓடும் கடைகள் இதையும் பார்க்க வேண்டும்.

மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. 10 வரை இழுக்கத் தேவையில்லை. 1ஆம் திகதியோ 5ஆம் திகதியோ, ஒன்றைச் சொல்லி அதில் நில்லுங்கள். சீட்டுக் காசும் அடைவு வட்டியும் மோட்டார்சைக்கிள் லீசிங்கும் திகதி பார்த்துத்தான் வருகின்றன. மூன்று மாதம் தவறாமல் அந்தத் திகதியில் கொடுத்தாலே கடைக்குள் முகங்கள் மாறும்.

வழமையான வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் நின்றால் அது ஓ.ரி. (மேலதிக நேரம்), மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரித்தால் மணிச் சம்பளம் வரும்: 40,000க்கு 166.67, ஓ.ரி. மணிக்கு 250 ரூபா. வாரத்தில் 12 மணிக்கு மேல் ஓ.ரி. வாங்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம் நில்லு தம்பி" என்று இரவு எட்டு மணிவரை மறித்துவிட்டு ஒரு தேத்தண்ணியோடு முடிக்கிற பழக்கம், நல்ல ஆட்களைத்தான் முதலில் துரத்தும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் அதை மறக்கமாட்டார்.

முற்பணத்துக்கும் ஒரு விதி வையுங்கள். அதுவரை உழைத்த சம்பளத்தில் பாதிக்கு மேல் இல்லை, கொப்பியில் இருவர் கையொப்பம், எல்லாருக்கும் ஒரே விதி. மனநிலைக்கு ஏற்ப ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தால், மறுக்கப்பட்டவர் அடுத்த முறை உங்களிடம் கேட்கமாட்டார். வேறு கடையில் வேலை கேட்பார்.

ஒரு வேலைக்கு ஒரு வாய்

முதலாளி ஒன்று சொல்வார், அவருடைய தம்பி இன்னொன்று சொல்வார், மாமா கடைக்கு வந்தால் மூன்றாவது. கடைக்கு முதல் போட்ட அண்ணா ரொறன்ரோவிலிருந்து சீசீரீவி பார்த்து, "அந்தப் பெடியன் ஏன் போன் பாக்கிறான்" என்று வட்ஸ்அப்பில் கேட்பார். இதைவிட வேலையாளைச் சோர்வாக்குவது வேறில்லை. ஒரு பகுதிக்கு ஒருவர்தான் வேலை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவரிடம் சொல்லட்டும். அண்ணாவுக்கும் இதே சட்டம்தான்.

வேலையைச் சொல்லும்போது என்ன, எவ்வளவு, எப்போதைக்கு, முடிந்தால் யாருக்குச் சொல்வது என்ற நான்கும் இருக்க வேண்டும். "ரக்கை ஒழுங்காக்கு" என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி விளங்கிக்கொள்வார்கள். "4 லீற்றர் பெயின்ற் வாளிகளைக் கீழ்த்தட்டில் வை, 1 லீற்றர் மேல்த்தட்டில், பழைய திகதி முன்னுக்கு, 11 மணிக்கு முன்னம் முடிச்சு அக்காவுக்குச் சொல்லு" என்றால் பிழை பிடிக்கவும் பாராட்டவும் ஒரு அளவு கிடைக்கும். பாராட்டும் அப்படியே இருக்கட்டும்: "நல்லாச் செய்தாய்" என்பதைவிட "இன்றைக்கு ஒரு டெலிவரியும் திரும்பி வரேல்லை" என்பது கனகாலம் மனதில் நிற்கும்.

ஊக்கத்தொகை

தனித்தனி விற்பனைக் கமிஷன் கடையைக் கெடுக்கும். பெரிய வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் ஓடுவார்கள். சீமெந்துப் பை இறக்க ஆள் இராது. ஸ்ரோரில் நிற்பவர் ஒன்றும் எடுக்கமாட்டார். பொதுப் பானையாக வையுங்கள்.

கடந்த வருடம் அதே மாத விற்பனை 50 லட்சம், இந்த வருடம் 56 லட்சம் என்று வைப்போம். கூடிய 6 லட்சத்துக்கு 1.5 வீதம் என்றால் 9,000 ரூபா. அதில் 70 வீதமான 6,300ஐ ஆறு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,050. மிச்சம் 2,700ஐ மூன்று வேலைக்குத் தலா 900 ரூபா ஒதுக்குங்கள்: இருப்புக் கணக்கு பிசகாதது, திரும்பி வராத டெலிவரி, நேரத்துக்கு வரவு. முன்னைய மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. நல்லூர்த் திருவிழாவும் தீபாவளியும் எண்களைக் குழப்பும். கடனுக்கு விற்றதைக் காசு வந்த மாதத்தில்தான் சேருங்கள், இல்லாவிட்டால் வராக்கடனுக்குப் பரிசு கொடுத்தவராவீர்கள். விலை ஏறிய வருடத்தில் ரூபாக் கணக்கு ஏமாற்றும். அப்போது பை, வாளி, குழாய் எண்ணிக்கையில் பாருங்கள். வருட நடுவில் விதியை மாற்றாதீர்கள்.

லீவு

வருட லீவு 14 நாள், அமய லீவு (திடீர்த் தேவைக்கு எடுப்பது) 7 நாள். முதல் வருடத்தில் வருட லீவு இல்லை, அமய லீவு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள். வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு.

ஜனவரியிலேயே ஒரு கலண்டர் எடுத்து ஒவ்வொருவருடைய ஊர்க் கோயில் தேர், தீர்த்தம், நத்தார், ஹஜ் எல்லாவற்றையும் குறியுங்கள். நல்லூர் 25 நாளுக்கும் யார் எப்போது மாறிப் போவது என்று அப்போதே பிரித்தால், ஆவணி மாதத்தில் சண்டை இராது. செத்தவீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் கேட்டால் கேள்வி வேண்டாம்.

பிழையும் விலகலும்

பிழையைப் பின் அறையில் பேசுங்கள். வாடிக்கையாளர் முன்னால் ஏசினால், ஏச்சு வாங்கியவரின் ஊர் முழுக்க அன்று பின்னேரமே தெரிந்துவிடும். காசு குறைந்தால் உடனே சம்பளத்தில் வெட்டாதீர்கள்; அதற்குச் சட்டம் நினைத்தபடி இடம் தராது. இலாச்சியைத் திறக்கும்போதும் மூடும்போதும் இருவர் எண்ணிக் கையொப்பமிடும் முறை வந்தால், குறைவுகளில் பெரும்பகுதி எண்ணும் பிழை என்பது வெளிக்கும்.

எந்த வேலைக்கும் இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும். விசா வந்தால் ஒரு வாரத்தில் போய்விடுவார்கள். போகிறவரின் கடைசிச் சம்பளத்தையோ சான்றிதழையோ பிடித்து வைக்காதீர்கள். 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் கடையில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் (விலகும்போது கொடுக்கும் தொகை) உண்டு, வேலைசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அதைக் கணக்குப் பார்த்து, போகும் நாளுக்கு முன்னமே தாளில் காட்டுங்கள்.